தேனீயிடம் கேள்வி கேட்ட ஆசிரியர்

தேனீக்கு நிறம் தெரியுமா? இப்படிக் கேட்டால், தெரியாவிட்டால் பூக்கள் எதற்கு இத்தனை நிறத்தில் பூக்க வேண்டும் என்று யாரும் திருப்பிக் கேட்பார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இயற்கையியலாளர்களில் பலரும் அப்படித்தான் நம்பினார்கள். ஆனால் நம்பிக்கை வேறு, நிரூபணம் வேறு. தேனீ ஒரு பூவைத் தேடி வாசனையால் வந்திருக்கலாம். நேற்றும் இங்கேதான் தேன் கிடைத்தது என்ற இட நினைவால் வந்திருக்கலாம். நிறமே தெரியாமல், இலையைவிடப் பூ வெளிறித் தெரிகிறது என்பதை மட்டும் கண்டு வந்திருக்கலாம். நிறத்தைப் பார்த்துத்தான் வந்தது என்று சொல்ல வேண்டுமானால் மற்ற வழிகளையெல்லாம் ஒவ்வொன்றாக அடைத்துப் பார்க்க வேண்டும்.

அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரிலுள்ள ஓஃபாலன் பூங்காவில் அந்த வேலையை முறையாகச் செய்தவர் ஒரு பள்ளி ஆசிரியர். பெயர் சார்லஸ் ஹென்றி டர்னர். பூங்காவில் தேனீக்கள் மொய்க்கும் செடிகளுக்கு நடுவே சிவப்பு அட்டைத் தட்டுகளைக் குச்சிகளில் பொருத்தி நட்டு, அவற்றில் தேன் தடவி வைத்தார். தேனீக்கள் அந்தத் தட்டுகளுக்கு வந்து பழகின. பிறகு நீலத் தட்டுகளையும் பச்சைத் தட்டுகளையும் பக்கத்தில் நட்டுப் பார்த்தார். தேனீக்கள் சிவப்பையே நாடின. தேன் மணம் அழைத்திருக்குமோ என்ற சந்தேகம் எழும் அல்லவா? தட்டுகளைப் புதிதாக மாற்றினார். இடம் பழகியிருக்குமோ? இடத்தை மாற்றினார். வடிவமோ? தட்டுக்குப் பதில் காகிதக் கூம்புகளும் சிறு பெட்டிகளும் செய்து வைத்தார். 1910-ல் அந்த ஆய்வு ‘பயலாஜிக்கல் புல்லட்டின்’ இதழில் வெளிவந்தது. மறு ஆண்டே, கோடுகளும் கட்டங்களும் போன்ற வடிவமைப்புகளைத் தேனீக்கள் வேறுபடுத்தி அறியுமா என்று சோதித்து இன்னொரு கட்டுரை எழுதினார். அறியும் என்பதே அவர் கண்ட விடை.

இதில் ஒரு சிக்கலை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். தேனீயின் கண் புற ஊதா, நீலம், பச்சை ஆகிய மூன்றுக்கும் கூர்மையாக இயங்குகிறது. சிவப்பு அதற்கு ஏறக்குறைய இருட்டு. எனவே டர்னரின் தேனீக்கள் சிவப்பை ஒரு நிறமாகக் கண்டனவா, அல்லது கருமையான தட்டு என்று கண்டனவா என்ற கேள்வி அந்தச் சோதனையோடு தீர்ந்துவிடவில்லை. சில ஆண்டுகளில் ஜெர்மனியின் மியூனிக்கில் கார்ல் ஃபான் ஃபிரிஷ், வெளிறிய சாம்பல் முதல் கரிய சாம்பல் வரை பல படிகளில் அட்டைகளைப் பரப்பி, நடுவே ஒரு நீல அட்டையை வைத்தார். எந்தச் சாம்பலோடும் குழப்பிக்கொள்ளாமல் தேனீக்கள் நீலத்தைத் தேர்ந்தெடுத்தன. கடைசி வழியும் அப்படி அடைபட்டது. ஃபான் ஃபிரிஷ் 1973-ல் நோபல் பரிசு பெற்றார். தேனீயின் நிறப்பார்வை பற்றிய பாடப்புத்தகக் கதை பெரும்பாலும் அவரிடமிருந்தே தொடங்குகிறது. கேள்வியைப் பூங்காவுக்குக் கொண்டுவந்து, தேனீயைப் பழக்கி, காரணங்களை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்த ஆசிரியர் அந்தக் கதையில் நெடுங்காலம் இடம்பெறவில்லை.

டர்னர் 1867 பிப்ரவரி 3 அன்று ஓஹாயோ மாநிலத்தின் சின்சினாட்டி நகரில் பிறந்தார். உள்நாட்டுப் போர் முடிந்து, அமெரிக்காவில் அடிமை முறை சட்டப்படி ஒழிக்கப்பட்டு இரண்டு ஆண்டுகள்கூட ஆகியிருக்கவில்லை. அப்பா தேவாலயத்தில் பராமரிப்புப் பணியாளர், அம்மா செவிலியர். படிப்பில் பையன் வகுப்பிலேயே முதலாவது. சின்சினாட்டி பல்கலைக்கழகத்தில் 1891-ல் இளநிலைப் பட்டமும் அடுத்த ஆண்டே முதுநிலைப் பட்டமும் பெற்றார். அங்கே கிளாரன்ஸ் ஹெரிக் என்ற ஆசிரியரின் ஊக்கத்தில் பறவைகளின் மூளை அமைப்பை ஆராய்ந்தார். 1892-ல் அவருடைய குறிப்பு ஒன்று ‘சயன்ஸ்’ இதழில் வந்தது. தன் மகன் ஒருவனுக்கு டார்வின் ரோமானெஸ் என்று பெயர் வைத்தார். டார்வினை எல்லோருக்கும் தெரியும். ஜார்ஜ் ரோமானெஸ், விலங்குகளின் அறிவைப் பற்றி எழுதிய டார்வினின் இளைய நண்பர். பிள்ளைக்கு வைத்த பெயரிலேயே இந்த மனிதரின் மனம் எதில் லயித்துக் கிடந்தது என்று தெரிகிறது.

அதே 1892-ல் சிலந்தியைப் பற்றி அவர் எழுதிய கட்டுரையில் அவருடைய வாழ்நாள் கேள்வி முளைவிட்டிருக்கிறது. வலை பின்னுவது சிலந்திக்குப் பிறவியிலேயே வந்த திறன், அதை யாரும் கற்றுக்கொடுப்பதில்லை. சரி. ஆனால் எல்லாச் சிலந்தியும் ஒரே மாதிரிதான் பின்னுகிறதா? டர்னர் வெவ்வேறு இடங்களில் கட்டப்பட்ட வலைகளைக் கவனித்தார். வலையைச் சேதப்படுத்தி, சிலந்தி என்ன செய்கிறது என்று பார்த்தார். இடத்துக்கும் சூழ்நிலைக்கும் ஏற்ப ஒவ்வொன்றும் தன் வேலையை மாற்றிக்கொண்டது. பின்ன வேண்டும் என்ற உந்துதல் இயல்பூக்கத்தால் வருகிறது, எப்படிப் பின்னுவது என்பதன் நுணுக்கங்களில் சிலந்தியின் அறிவும் வேலை செய்கிறது என்று அவர் முடிவுக்கு வந்தார். அப்போது அவருக்கு வயது இருபத்தைந்து.

அந்த முடிவு அன்றைக்கு எவ்வளவு காற்றுக்கு எதிரானது என்பதை உணர, அறிவியல் உலகில் அப்போது நடந்துகொண்டிருந்த சண்டையைத் தெரிந்துகொள்ள வேண்டும். ஒரு பக்கம் ரோமானெஸ் வழியில், நாயும் எறும்பும் மனிதர்போல் நினைக்கின்றன, வருந்துகின்றன என்று கதை கதையாகச் சொன்னவர்கள். அதற்கு எதிர்வினையாக எழுந்தது மற்றொரு பக்கம். சிகாகோவில் பணியாற்றிய ஜாக் லோப், விளக்கை நோக்கி விட்டில் பறப்பது சூரியனை நோக்கிச் செடி வளைவதற்கு ஒப்பான இயந்திரச் செயல் என்றார். ஜெர்மனியில் ஆல்பிரெக்ட் பேத்தே இன்னும் ஒருபடி மேலே போய், எறும்பும் தேனீயும் அனிச்சைச் செயல்களால் ஓடும் எந்திரங்கள் என்று 1898-ல் எழுதினார். எறும்பு கூடு திரும்புவது வழியில் படிந்த வாசனை இழுப்பதால். அதற்குமேல் அங்கே எதுவும் இல்லை. கதை சொன்னவர்களிடம் ஆதாரம் இல்லை. எந்திரம் என்றவர்களிடம் ஆதாரம் இருந்தது, ஆனால் அது போதவில்லை. டர்னர் இரண்டு பக்கமும் சாயாமல், எறும்பையே கேட்டுப் பார்க்கலாம் என்று உட்கார்ந்தார்.

1907-ல் சிகாகோ பல்கலைக்கழகம் அவருக்கு முனைவர் பட்டம் தந்தது இந்த எறும்பு ஆய்வுக்காகத்தான். அங்கே முனைவர் பட்டம் பெற்ற முதல் கறுப்பினத்தவர்களில் அவர் ஒருவர். சோதனையின் அமைப்பு மிக எளிது. அட்டையால் ஒரு சிறு மேடை. அதிலிருந்து கூட்டுக்கு இறங்க ஒரு சாய்வுப் பாதை. மேடையில் எறும்புகளையும் அவற்றின் கூட்டுப்புழுக்களையும் விட்டால், எறும்புகள் பதறி அலைந்து, பாதையைக் கண்டுபிடித்து, புழுக்களைக் கவ்விக்கொண்டு கூட்டுக்குப் போகும். சில தடவைகளில் வழி பழகிவிடும். இப்போது கேள்வி: எதை வைத்துப் பழகியது?

வாசனையா என்று பார்க்க, ஏறி இறங்கி மணம் படிந்த சாய்வுப் பலகையை மேடையின் மறுபக்கம் மாற்றி, பழைய இடத்தில் மணமில்லாத புதிய பலகையை வைத்தார். வாசனைதான் இழுக்கிறது என்றால் எறும்பு மறுபக்கம் போக வேண்டும். பழகிய எறும்புகளோ பழைய திசைக்கே போயின. அடுத்து விளக்கை ஒரு பக்கத்திலிருந்து எதிர்ப்பக்கம் நகர்த்தினார். எறும்புகள் குழம்பின, திசை தப்பிப் போயின. சரி, வெளிச்சம்தான் காரணமா, விளக்கோடு சேர்ந்து வரும் வெப்பமா? இப்படிக் கேட்பவர்தான் டர்னர். வெப்பத்தைத் தடுத்து வெளிச்சத்தை மட்டும் விட்டும், வெளிச்சத்தை மாற்றாமல் வெப்பத்தை மட்டும் மாற்றியும் பார்த்தார். வெளிச்சத்தின் திசையே எறும்புக்கு முக்கியமாக இருந்தது. ஆனால் வெளிச்சம் எறும்பை இழுக்கவும் இல்லை, விரட்டவும் இல்லை. வெளிச்சம் எந்தப் பக்கம் இருக்கும்போது எந்தப் பக்கம் போக வேண்டும் என்பதை எறும்பு நினைவில் வைத்திருக்கிறது. இழுபடுவதற்கும் நினைவு கொள்வதற்கும் இடையிலுள்ள இந்த வித்தியாசம்தான் டர்னரின் பங்களிப்பு முழுவதன் மையம் என்று எனக்குத் தோன்றுகிறது.

கூட்டை நெருங்கிய எறும்பு நேராக வாசலுக்குப் போகாமல் வட்டம் வட்டமாகச் சுற்றித் தேடுவதையும் அவர் பதிவு செய்தார். பிரெஞ்சு ஆய்வாளர் விக்டர் கோர்னெட்ஸ் அந்த அசைவுக்கு ‘டர்னர் சுற்று’ என்றே பெயரிட்டார். எறும்புகள் சூரியனின் திசையைக் கொண்டு வழி அறிகின்றன என்பதைக் கண்ணாடி வைத்து ஃபெலிக்ஸ் சான்ட்ஷி காட்டியது டர்னரின் ஆய்வுக்குப் பிறகு, 1911-ல்.

மண்ணைத் துளைத்துக் கூடு கட்டும் தனித் தேனீக்களைப் பற்றி 1908-ல் டர்னர் எழுதியது எனக்குப் பிடித்த கட்டுரை. இந்தத் தேனீக்கள் கூட்டமாக வாழ்வதில்லை. தரையில் நூற்றுக்கணக்கான சிறு துளைகளுக்கு நடுவே தன் துளை எது என்று ஒவ்வொன்றுக்கும் தெரிய வேண்டும். ஒரு துளையை ஒட்டி கோகோ கோலா பாட்டில் மூடி ஒன்று கிடந்தது. டர்னர் அந்த மூடியை நகர்த்தி வைத்தார். திரும்பி வந்த தேனீ மூடியைத் தேடிப் போய் ஏமாந்தது. தெருமுனைப் பெட்டிக்கடையை வைத்து வீட்டுக்கு வழி சொல்லும் நம்மைப் போல, அதுவும் பக்கத்திலுள்ள பொருளை அடையாளமாக வைத்துக்கொண்டிருக்கிறது. கூட்டைச் சுற்றி பைன் கூம்புகளை வட்டமாக அடுக்கி, பிறகு வட்டத்தை நகர்த்திக் குளவியை ஏமாற்றிய நிக்கோ டின்பெர்கனின் புகழ்பெற்ற சோதனை வெளிவந்தது 1930-களில். அவரும் ஃபான் ஃபிரிஷோடு அதே நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டவர்.

இனி டர்னர் பிழைத்த வாழ்க்கைக்கு வருவோம். முதுநிலைப் பட்டம் பெற்றபின் அட்லாண்டாவில் கறுப்பின மாணவர்களுக்கான கிளார்க் கல்லூரியில் 1893 முதல் 1905 வரை அறிவியல் கற்பித்தார். அங்கிருந்த காலத்தில்தான், 1895-ல், மனைவி லியோன்டைன் மூன்று குழந்தைகளை விட்டு இறந்துபோனார். 1896-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், இனவாரியாகப் பிரித்து வைப்பது அரசியல் சட்டத்துக்கு உடன்பாடே என்று தீர்ப்பளித்தது. தெற்கு மாநிலங்களில் பள்ளி, ரயில் பெட்டி, நூலகம் எல்லாம் இரண்டாகப் பிளந்தன. கிளார்க்கை விட்டபின் டென்னசியில் ஒரு பள்ளியின் தலைமை ஆசிரியர், பிறகு ஜார்ஜியாவில் ஒரு பள்ளியில் ஆசிரியர். சிகாகோவில் உயர் சிறப்புடன் முனைவர் பட்டம் வாங்கிய பிறகும் எந்தப் பெரிய ஆராய்ச்சிப் பல்கலைக்கழகமும் அவருக்கு இடம் தரவில்லை. 1908-ல் செயின்ட் லூயிஸின் சம்னர் உயர்நிலைப் பள்ளியில் சேர்ந்தார். மிசிசிப்பி ஆற்றுக்கு மேற்கே கறுப்பின மாணவர்களுக்காக 1875-ல் தொடங்கப்பட்ட முதல் உயர்நிலைப் பள்ளி அது. 1922-ல் உடல்நலம் கெட்டு விலகும்வரை அங்கேயேதான் இருந்தார்.

சம்னரின் வகுப்பறை நேரம் போக மிஞ்சிய பொழுதில்தான் தேனீ, கரப்பான், அந்துப்பூச்சி, குழியானை எல்லாம். ஆராய்ச்சிக்கூடம் இல்லை, உதவியாளர் இல்லை, முனைவர் பட்ட மாணவர் இல்லை. அவருடைய சோதனைப் பொருள்களின் பட்டியலே அதைச் சொல்லும்: அட்டை, காகிதம், தேன், செம்புத் தகடு, கண்ணாடி, தண்ணீர். இவற்றைக்கொண்டு வாழ்நாளில் 70-க்கும் மேற்பட்ட கட்டுரைகளை எழுதினார். ‘சைக்கலாஜிக்கல் புல்லட்டின்’ போன்ற இதழ்களில் உலகெங்கும் நடந்த பூச்சி ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிட்டும் எழுதினார்.

கரப்பான் சோதனையைப் பாருங்கள். கரப்பான் இருட்டை நோக்கி ஓடும் என்பது எல்லோருக்கும் தெரியும். எந்திரக் கொள்கைக்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடைக்காது. டர்னர் ஒரு பெட்டியை இருட்டு அறை, வெளிச்ச அறை என்று பிரித்தார். இருட்டு அறையின் தரையில் மெல்லிய மின்சாரம். உள்ளே ஓடிய கரப்பானுக்கு அதிர்ச்சி. சில தடவை பட்டபின் அது இருட்டின் வாசலில் தயங்கி நின்றது. பிறகு நுழைய மறுத்தது. பார்ப்பவருக்கு, இருட்டை விரும்பிய பூச்சி இப்போது வெளிச்சத்தை விரும்பும் பூச்சியாக மாறிவிட்டதாகத் தோன்றும். 1912-ல் வெளியிட்ட கட்டுரையின் தலைப்பிலேயே அந்த மாற்றத்தை வெறும் தோற்றம் என்று டர்னர் குறித்தார். இயல்பு தலைகீழாகிவிடவில்லை, பூச்சி ஒரு பாடம் கற்றிருக்கிறது. அடுத்த ஆண்டு, தண்ணீருக்கு மேலே செம்புத் தகடுகளால் ஒரு திறந்த புதிர்வழியை அமைத்து அதில் கரப்பான்களை விட்டார். தவறுகள் குறைந்துகொண்டே வந்தன. நடுவில் தோலுரித்த கரப்பானும் கற்றதை மறக்கவில்லை. எல்லாக் கரப்பான்களும் ஒரே வேகத்தில் கற்கவும் இல்லை. வயதுக்கு வயது, ஆணுக்கும் பெண்ணுக்கும், ஏன், ஒன்றுக்கொன்றுகூட வித்தியாசம் இருந்தது. எல்லாவற்றையும் கூட்டிச் சராசரி எடுத்தால் அந்த வித்தியாசம் காணாமல் போய்விடும். டர்னர் அதைத் தனியாக எழுதி வைத்தார்.

1914-ல் பெரிய பட்டு அந்துப்பூச்சிகளுக்குக் காது கேட்குமா என்று பார்த்தார். ஊதல் ஒலிக்குச் சில இனங்கள் சிறகடித்தன. ஓர் இனம் மட்டும் எந்த ஒலிக்கும் அசையவில்லை. அதற்குக் காது கேட்காது என்று எழுதி முடித்திருக்கலாம். அவர் முடிக்கவில்லை. குழல் ஒலிக்கும்போதெல்லாம் அந்தப் பூச்சியைச் சற்று முரட்டுத்தனமாகத் தொட்டுத் தொந்தரவு செய்தார். சில தடவைகளுக்குப் பின் ஒலி கேட்ட மாத்திரத்தில் அது சிறகடித்தது. முன்பும் கேட்டுத்தான் இருந்திருக்கிறது. அந்த ஒலிக்கும் அதன் வாழ்க்கைக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லாததால் கண்டுகொள்ளவில்லை. பதில் வராததால் அறிவு இல்லை என்று ஆகிவிடாது. இப்படி ஒரு முடிவுக்கு வர அவருக்கு ஆராய்ச்சிக்கூடத்தைவிட வகுப்பறை உதவியிருக்கும் என்றே நம்புகிறேன். கடைசி வரிசையில் பேசாமல் இருக்கும் மாணவரைப் பற்றி ஒரு நல்ல ஆசிரியர் எடுக்கும் முடிவும் இதுதான்.

இனச் சிக்கலைப் பற்றியும் அவர் விஞ்ஞானியாகவே எழுதினார். 1902-ல் வெளிவந்த ஒரு தொகுப்பில், கல்வியால் இந்தச் சிக்கல் தீருமா என்ற கேள்விக்கு, விலங்குகளின் நடத்தையைப் படித்தவர் என்ற நிலையிலிருந்து பதில் சொன்னார். தீரும், ஆனால் கல்வி இரு தரப்புக்கும் வேண்டும் என்பது அவர் வாதம். பழகியதை மாற்றிப் பழக முடியும் என்று பின்னாளில் கரப்பானிடம்கூடக் கண்டவருக்கு மனிதரிடம் அந்த நம்பிக்கை இருந்ததில் வியப்பில்லை. அந்த நம்பிக்கைக்குத் தகுதியாகத் தன் நாடு நடந்துகொள்வதை அவர் பார்க்கவில்லை. 1923 பிப்ரவரி 14 அன்று சிகாகோவில் இதயநோயால் காலமானபோது அவருக்கு வயது 56.

இவ்வளவு செய்தவர் எப்படி மறக்கப்பட்டார்? நிறவெறி என்று ஒரே சொல்லில் பதில் சொல்லலாம், சரிதான். ஆனால் அது எந்த வழியாக வேலை செய்தது என்பதையும் பார்க்க வேண்டும். அவருடைய கட்டுரைகளை யாரும் தடுக்கவில்லை. நல்ல இதழ்கள் வெளியிட்டன, சக ஆய்வாளர்கள் மேற்கோள் காட்டினார்கள். செயின்ட் லூயிஸ் அறிவியல் கழகம் அவரை உறுப்பினராக ஏற்றது. மறுக்கப்பட்டது ஒன்றுதான்: ஆராய்ச்சி மாணவர்களை உருவாக்கும் இடம். ஃபான் ஃபிரிஷின் மாணவர் மார்ட்டின் லிண்டாவர். லிண்டாவரின் மாணவர்களில், பாலைவன எறும்பின் வழியறிவை வாழ்நாள் முழுக்க ஆராய்ந்த ரூடிகர் வேனரும், தேனீயின் மூளையையும் நினைவையும் ஆராய்ந்த ராண்டால்ஃப் மென்சலும் அடக்கம். ஆசிரியரின் கேள்வியை மாணவர் தொடர்கிறார், ஆசிரியரின் பெயரை ஒவ்வொரு கட்டுரையின் முதல் பத்தியிலும் நினைவூட்டுகிறார். அறிவியலின் நினைவாற்றல் பெரும்பகுதி இந்தக் குரு-சீடர் வரிசையில்தான் இருக்கிறது. டர்னருக்கு அந்த வரிசையே அமைய விடவில்லை. அவருக்குப் பின் வந்தவர்கள் எறும்பையும் தேனீயையும் திரும்ப எந்திரமாகவே நடத்தினார்கள். அவர் 1907-ல் பிரித்துக் காட்டியதைப் பலர் மறுபடி தொடக்கத்திலிருந்து பிரிக்க வேண்டியிருந்தது. இது ஒரு மனிதருக்கு நேர்ந்த அநீதி மட்டுமாக நின்றுவிடவில்லை. ஒரு துறை தன் அறிவில் பல பத்தாண்டுகளை இழந்தது.

செயின்ட் லூயிஸ் மறக்கவில்லை. உடற்குறை உள்ள கறுப்பினக் குழந்தைகளுக்காக 1925-ல் அங்கே திறக்கப்பட்ட பள்ளிக்கு அவர் பெயர் வைத்தார்கள். அவருடைய பேரன் டார்வின் டர்னர், ஆப்பிரிக்க-அமெரிக்க இலக்கியத்தின் முக்கியமான விமர்சகராக வளர்ந்தார். அறிவியல் உலகத்துக்கு டர்னரை மீட்டுத் தந்ததில் ஓக்லஹோமா மாநிலப் பல்கலைக்கழகத்தின் உளவியலாளர் சார்லஸ் ஆப்ராம்சனுக்குப் பெரும் பங்கு உண்டு. சிதறிக் கிடந்த கட்டுரைகளைத் தேடித் திரட்டி 2003-ல் தொகுப்பாக வெளியிட்டார். தேனீக்களின் மனத்தைப் பற்றி இன்று எழுதுவோர் டர்னரைத் தங்கள் முன்னோடியாகவே குறிப்பிடுகிறார்கள். அவர்களில் ஒருவர் லண்டன் குயின் மேரி பல்கலைக்கழகத்தின் லார்ஸ் சிட்கா.

சிட்காவின் குழு 2016-ல் ஒரு சோதனையை வெளியிட்டது. சர்க்கரைக் கரைசல் வைத்த செயற்கைப் பூ ஒளிபுகும் ஒரு தகட்டுக்கு அடியில். அதில் கட்டிய நூலின் முனை வெளியே. நூலை இழுத்தால் பூ வெளியே வரும். படிப்படியாகப் பயிற்சி தந்தபோது பம்பிள் தேனீக்கள் பல இதைக் கற்றுக்கொண்டன. அருகிலிருந்து பார்த்தவற்றிலும் பல கற்றன. பயிற்சியே இல்லாமல் நூலின் முன்னால் விடப்பட்ட நூற்றுக்கும் மேற்பட்ட தேனீக்களில் இரண்டே இரண்டுதான் தாமாகவே இழுக்கக் கண்டுபிடித்தன. ஒரே மாதிரிப் பூச்சிகள், ஒரே நூல், ஒரே கரைசல். அந்த இரண்டுக்கு மட்டும் அது எப்படித் தோன்றியது என்று கேட்டால், டர்னர் கரப்பான்களிடம் குறித்துவைத்த அதே வித்தியாசத்துக்குத்தான் வந்து நிற்கிறோம். அதன் காரணத்தைத் தேடும் வேலை இன்னும் நடக்கிறது.